நிதியியல் பேராசிரியரின் ஆய்வு சந்தைக்கு வருவது எப்படி?

ராபர்ட் ஷில்லர் நல்ல உதாரணம். 1982இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 2013இல் பொருளாதார நோபல் பெற்றவர். நிதிச் சந்தைகள் பற்றிய அவருடைய வகுப்புகளை யேல் இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டது.

வீட்டு விலைகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அவருடைய குறியீட்டைப் பாருங்கள். சராசரி விற்பனை விலையை நம்ப முடியாது. ஒரு மாதம் பெரிய வீடுகள் அதிகம் விற்றாலே அது ஏறிவிடும். அதனால் ஷில்லரும் பொருளாதார அறிஞர் கார்ல் கேஸும் 1980களில் ஒரே வீடு இரண்டு முறை விற்ற விலைகளை ஒப்பிட்டார்கள். இரு விற்பனைக்கும் இடைவெளி கூடினால், நடுவில் வீட்டை இடித்துக் கட்டியோ பாழாகவிட்டோ இருக்கலாம். அத்தகைய விலை ஜோடிக்குக் கணக்கில் முக்கியத்துவம் குறைவு.

1991இல் இதற்கென்றே நிறுவனம் தொடங்கினார்கள். 2006இல் சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையில் இக்குறியீட்டின் மீது ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு நாளைய அளவை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம், அறிமுகமானது. வீட்டு விலை விழுந்தால் வரும் நஷ்டத்தை, இதை விற்று வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஈடுகட்டலாம்.

யோசனை அருமை, வியாபாரம்தான் சூடுபிடிக்கவில்லை. குறியீடு சுமார் இரண்டு மாதம் பிந்தி வருகிறது. நகரம் முழுவதற்குமான எண், உங்கள் தெரு விலையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு அரைகுறைதான். விலை விழும் என்று எல்லோரும் நினைக்கும்போது எதிர்ப்பக்கம் நிற்க ஆளும் கிடைப்பதில்லை.