கிட்டாருக்குப் புது மேனி: வெனீர், ஸ்டெயின், ஸ்ப்ரே பற்றிக் கேள்வி பதில்

எலக்ட்ரிக் கிட்டாரின் பழைய பெயின்ட்டை எடுத்து, வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டி, சாயம் ஏற்றி, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிப்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பெயின்ட் ரிமூவர் தடவி மணிக்கணக்கில் வைத்தும் பழைய பெயின்ட் அசையவில்லை சார். என்ன செய்வது?

அப்படியானால் அது பெரும்பாலும் பாலியஸ்டர், ரிமூவருக்கு அசையாத கெட்டிப் பிளாஸ்டிக் பூச்சு. தின்னரில் கரையும் நைட்ரோ லேக்கராக இருந்தால் இந்நேரம் கூழாகியிருக்கும். ஹீட் கன்னால் சூடு காட்டி, மேலே குமிழ் எழும்பும்போது ஸ்கிரேப்பரை அடியில் கொடுத்தால் தகடு தகடாக வரும். ஓரிடத்திலேயே நிறுத்தாதீர்கள், மரம் கருகும். கருகிய இடம் சாயத்துக்குப் பிறகும் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அதை எடுக்கத்தான் வேண்டுமா? ஒரே நிறத்தில் மறைத்து அடிக்கப் போகிறீர்கள் என்றால், 320 உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்றுவிட்டு அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம். மர ரேகை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பாடு.

கேள்வி: என் கிட்டார் உடலில் கை வைக்கும் இடம் சரிவாக இருக்கிறது. வெனீர் ஒட்ட முடியுமா?

ஒரு பக்கமாக மட்டும் வளையும் சரிவுக்கு வெனீர் ஒத்துழைக்கும். இரண்டு பக்கமும் வளைந்தால் மடிப்பு விழும், இல்லையென்றால் வெடிக்கும். முதல் முறை செய்பவர் டெலிகாஸ்டர் மாதிரி தட்டையான உடலை எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: காண்டாக்ட் சிமென்ட் போதுமா அண்ணா? உடனே ஒட்டிக்கொள்கிறதே.

வேண்டாம். வெனீரின் தடிமனே சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். மேலே லேக்கர் அடிக்கும்போது அதிலுள்ள தின்னர் உள்ளே இறங்கி அந்தப் பசையை இளக்கிவிடும், அப்புறம் குமிழ்தான். சாதாரண மரப்பசை போதும். அதை உடலில் மட்டும் ரோலரால் மெல்லியதாகப் பரப்புங்கள். வெனீரில் தடவினால் அது சுருண்டுகொள்ளும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் தடித்த பலகை, சுற்றிலும் கிளாம்ப், ஓர் இரவு அப்படியே.

பசை அதிகமானால் வெனீரின் துளைகள் வழியாக மேலே கசியும். காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏற்றியதும் அந்த இடம் மட்டும் வெளுத்துத் திட்டாக நிற்கும். அதனால் சாயத்துக்கு முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஈரத்தில் மரம் கறுக்கும், பசை கறுக்காது. அந்த இடத்தைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். உப்புத்தாளை அழுத்தினால் வெனீரே போய்விடும்.

கேள்வி: பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) குழிகளை வெனீர் மூடிவிட்டது. எப்படி வெட்டுவது?

பசை நன்றாகக் காய்ந்தபின் குழியின் நடுவில் பிளேடைக் குத்தி, ஓரம் நோக்கி வெட்டுங்கள். ஓரத்தை அரத்தால் உள்நோக்கி மட்டும் தள்ளித் தேயுங்கள். மேல்நோக்கி இழுத்தால் வெனீர் பெயர்ந்து வரும்.

கேள்வி: வெனீர் ஒட்டியபின் கம்பி உயரமாக நிற்கிறது. ஏன்?

உடலின் மேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் 0.6 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது, நெக் பழைய இடத்திலேயே இருக்கிறது. பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டுகளான சேடில்களை இறக்கிப் பாருங்கள். அதற்கு மேல் இறங்காது என்றால், மிச்சமிருக்கும் வெனீர்த் துண்டையே நெக் பாக்கெட்டின் (உடலில் நெக் உட்காரும் குழி) அளவுக்கு வெட்டி நெக்கின் அடியில் வையுங்கள். தடிமன் அச்சாகப் பொருந்தும். நெக் பாக்கெட்டுக்குள் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறைக்கவும் மறக்காதீர்கள்.

கேள்வி: மேப்பிள் வெனீரின் அலை வரிகள் எடுப்பாகத் தெரிய என்ன வழி?

முதலில் ஈரத் துணியால் துடைத்து, எழும்பும் நார்களைக் காயவிட்டு லேசாகத் தேயுங்கள். பிறகு தண்ணீரில் கரையும் கறுப்புச் சாயத்தை நீர்க்கக் கலந்து முழுவதும் தடவுங்கள். காய்ந்ததும் 320 உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தால், மேலே இருக்கும் கறுப்பு போய், அலைகள் குடித்த கறுப்பு மட்டும் தங்கும். அதன் மேல் உங்களுக்குப் பிடித்த நீலமோ தேன் நிறமோ ஏற்றலாம். காய்ந்த சாயம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கிளியர் பட்டதும் உயிர் வரும். அது எப்படி வரும் என்பதை முதலில் வெட்டுத் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா?

தாராளமாக. ஃபெண்டர் கிட்டார் கம்பெனியே 1950, 60களில் பல நிறங்களுக்கு டூபான்ட் கார் பெயின்ட்களை அடித்தது. ஒரு குடும்பத்துப் பெயின்ட்டையே கடைசிவரை பயன்படுத்துங்கள். எனாமல் மேல் லேக்கர் அடித்தால் சுருங்கிக்கொள்ளும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடியுங்கள். மழை நாளில் லேக்கர் அடித்தால் வெள்ளைப் புகை படிந்ததுபோல் ஆகும்.

ஹார்டனர் கலந்த 2கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு செய்யக்கூடியது, தூசிக்கான மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் முகக்கவசம் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: எப்போது பாலிஷ் போடலாம்?

நைட்ரோவுக்கு மூன்று, நான்கு வாரம். மோந்து பாருங்கள், தின்னர் வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை. பிறகு 800இல் ஆரம்பித்து 2000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட். விளிம்புகளில் கை லேசாக இருக்கட்டும், முதலில் அங்கேதான் நிறம் வரை தேயும்.

கேள்வி: பெயின்ட் மாற்றினால் சத்தம் மாறுமா?

பிக்கப்பை மாற்றினால் மாறும்.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று. முன்பு கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்கும், இப்போது அடங்கவில்லை.

பிரிட்ஜுக்கு வரும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஒயர் வெளியே வரும் சின்னத் துளையை வெனீர் மூடியிருக்கலாம், அல்லது ஒயருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் கிளியர் படிந்திருக்கலாம். பிரிட்ஜைக் கழற்றித் துளையைத் திறந்து, ஒயர் நுனியையும் பிரிட்ஜின் அடிப்பக்கத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். திரும்ப மாட்டியபின் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் இன்னொன்றை ஜாக்கின் வெளிச்சுற்றிலும் வைத்தால் பீப் சத்தம் வர வேண்டும்.