வீடும் கடனும் கணவர் பேரில்: வருமான வரியைத் தனித்தனியாகத் தாக்கல் செய்யலாமா?

கேள்வி: நானும் மனைவியும் நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். 2025-இல் என் சம்பளம் 1,45,000 டாலர், அவருடையது 85,000. 2023-இல் வீடு வாங்கினோம். வீடு, கடன் இரண்டும் என் பேரில். கட்டுவதும் என் கணக்கிலிருந்துதான். 2025-இல் கட்டிய வட்டி 17,000, வீட்டு வரி 11,600. மாநில வருமான வரியாக எனக்கு 6,000, அவருக்கு 3,400 பிடித்தார்கள். இங்குள்ள கோயிலுக்கு நான் 1,000 கொடுத்தேன். ஊரில் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 2,000 அனுப்பினேன். 2024-க்கு, எல்லாருக்கும் பொதுவான நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் எடுத்தோம். இம்முறை தனித்தனியாக ஃபைல் செய்து, நான் ஐட்டமைஸ் செய்ய (செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிக்க), மனைவி ஸ்டாண்டர்ட் எடுத்தால் நிறைய மிச்சம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியில்லை. நண்பர் போடும் கணக்கு இதுதான்: உங்கள் பங்குக்கு வட்டி, வீட்டு வரி, மாநில வரி, கோயில் எல்லாம் சேர்த்து 35,600. மனைவிக்கு ஸ்டாண்டர்ட் 15,750. ஆக 51,350. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணவன் மனைவி தனித்தனியாக ஃபைல் செய்யும்போது ஒருவர் ஐட்டமைஸ் செய்தால், மற்றவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் பூஜ்யம். வருமான வரிச் சட்டத்தின் 63-வது பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. யார் முதலில் ஃபைல் செய்தார் என்பதெல்லாம் பொருட்டில்லை. துணைவர் ஐட்டமைஸ் செய்கிறாரா என்று 1040 என்ற வருமான வரிப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடுவது தெரிந்தே தவறான கணக்குக் கொடுப்பது. "நான் செய்தேன், ஒன்றும் வரவில்லையே" என்று நண்பர் சொல்லக்கூடும். சாதாரணமாக மூன்று ஆண்டுகள் வரை ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய வரித்துறை) திரும்பக் கேட்கலாம், வட்டியோடு.

அப்படியானால் தனியாகப் போனால் மனைவிக்கு மிஞ்சுவது அவருடைய மாநில வரி 3,400 மட்டுமே. உங்கள் 35,600-உடன் கூட்டினால் 39,000. சேர்ந்து ஃபைல் செய்து ஐட்டமைஸ் செய்தாலும் அதே 39,000தான்! ஒரு டாலர்கூட அதிகமில்லை. உண்மையில் நஷ்டம்தான்: தனிக் கணக்கில் உங்கள் வருமானத்தின் மேல்பகுதி 24 சதவீதத்துக்குள் போய்விடும், சேர்த்துப் போட்டால் 22-லேயே நிற்கும். குழந்தை டே கேரில் இருந்தால் அந்தச் செலவுக்கான வரிச்சலுகையும், படிப்புக்கான சலுகையும் தனியாக ஃபைல் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது.

ஆகவே சேர்ந்தே ஃபைல் செய்யுங்கள், ஆனால் இம்முறை ஐட்டமைஸ் செய்யுங்கள். தம்பதிக்கு 2025-இன் ஸ்டாண்டர்ட் 31,500; உங்களுக்கு வருவது 39,000. வித்தியாசம் 7,500, அதில் 22 சதவீதம் என்றால் 1,650 டாலர் மிச்சம். 2024-க்கு நீங்கள் ஸ்டாண்டர்ட் எடுத்ததும் சரிதான். அப்போது மாநில, வீட்டு வரிகள் இரண்டையும் சேர்த்துக் கழிக்க 10,000 என்ற உச்சவரம்பு இருந்தது. வட்டியும் கோயிலும் இதே அளவு என்றால் மொத்தம் 28,000, ஸ்டாண்டர்டோ 29,200. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்த வரம்பை 40,000 ஆக்கியதால்தான், நியூ ஜெர்சி போல வீட்டு வரி கடுமையான இடங்களில் இருப்பவர்கள் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வருமானம் ஐந்து லட்சம் டாலரைத் தாண்டினால் இந்த வரம்பு குறையத் தொடங்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எதை எடுப்பது என்பதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிவு செய்யலாம்.

கும்பாபிஷேகத்துக்கு அனுப்பிய 2,000-ஐ மறந்துவிடுங்கள். புண்ணியம் உண்டு, கழிவு இல்லை. இந்தியாவில் உள்ள கோயிலுக்கு நேராக அனுப்பும் பணம் இங்கே எடுபடாது. இங்குள்ள கோயிலுக்குக் கொடுத்தது செல்லும். ஆனால் ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் கோயிலிடமிருந்து எழுத்துப்பூர்வமான ரசீது, ஃபைல் செய்வதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். உண்டியலில் போட்டதற்கு யாரும் ரசீது தரமாட்டார்கள். 2026 முதல் இன்னொரு சிக்கல்: ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு வருமானத்தின் அரை சதவீதம் வரையிலான நன்கொடை கணக்கில் வராது. உங்கள் வருமானத்துக்கு அது 1,150. அதாவது அடுத்த முறையும் இதே 1,000 என்றால் முழுவதும் போச்சு.

வீட்டு வரியில் கவனிக்க வேண்டியது ஒன்று. கடன் நிறுவனம் வீட்டு வரிக்காகப் பணம் சேர்த்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் நீங்கள் மாதாமாதம் போட்டது கணக்கில்லை. அவர்கள் அந்த ஆண்டில் நகராட்சிக்குக் கட்டியதுதான் கணக்கு. கடன் நிறுவனம் அனுப்பும் 1098 படிவத்தைப் பார்த்து 11,600 என்ற எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூட்டாக ஃபைல் செய்தால் மொத்த வரிக்கும் இருவருமே பொறுப்பு. ஒருவர் மறைத்த வருமானத்துக்கு மற்றவரிடமும் கேட்கலாம், பிறகு விவாகரத்து ஆனாலும்கூட. ஒருவருக்கு மற்றவரின் வரவு செலவில் நம்பிக்கை இல்லாத வீடுகளில் மட்டும், வரி கொஞ்சம் கூடினாலும் தனியாகவே போகச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இருவரின் பேரிலும் இந்தியாவில் உள்ள வங்கி வைப்புகளின் வட்டி, வாடகை எல்லாவற்றையும் எழுதிச் சேர்த்த பிறகே இருவரும் கையெழுத்திடுங்கள். 2025-க்கான கணக்குக்கு அவகாசம் 2026 ஏப்ரல் 15 வரை.