டாக்டர் பதில்கள்: கல்ச்சர்ல கிருமி இல்ல, ஆனா யூரின்ல ரத்தம்

கேள்வி: டாக்டர், என் வூட்டுக்காரருக்கு 46 வயசு, காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கிற வேலை. போன வருஷம் மூக்குல ரத்தக்கட்டி, அப்புறம் இருமுனாலே ரத்தம், டிபின்னு பயந்தோம், கடைசில ஜிபிஏன்னு ரத்தக்குழாய் வீங்குற நோய்னு சொல்லி ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையும் குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்தாரு. இப்ப 3 வாரமா ஒண்ணுக்கு போனா எரியுது, முக்கித்தான் போறாரு, ரெண்டு தடவ செவப்பா வந்துச்சு. ஆன்டிபயாடிக் 2 கோர்ஸ் போட்டும் கேக்கல, கல்ச்சர்ல கிருமியே இல்லயாம். எதனால?
ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: மூணாவது கோர்ஸ் ஆன்டிபயாடிக் வேணாம்மா. இந்த நோய் இருக்குறவங்களுக்கு ரத்தம் மூணு எடத்துலேர்ந்து வரலாம். கிட்னியோட நுண்ணிய ரத்தக்குழாய நோய் திரும்பத் தாக்கினா யூரின் டிகாஷன் கலர்ல நுரையா வரும், எரிச்சல் அவ்வளவா இருக்காது.

அடுத்தது அந்த மாத்திரையே. சைக்ளோபாஸ்பமைடு உடம்புல ஒடைஞ்சு அக்ரோலீன்னு ஒரு பொருள் யூரின்ல எறங்குது, அது மூத்திரப்பையோட உள்தோல புண்ணாக்கிடும், எரியும், பளிச்னு செவப்பா சில நேரம் கட்டி கட்டியாவும் வரும். ஐஸ் வேலைல பாத்ரூம் போக எடமில்லன்னு காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம இருக்காரான்னு கேளுங்க, எனக்கு அதுதான் பெரிய கவலை, ஏன்னா இந்த மாத்திரைய காலைலயே போட்டு நாள் பூரா தண்ணி குடிச்சு அலசி வெளியேத்தணும், ராத்திரி போட்டு படுத்தா அது பையிலயே தேங்கி நிக்கும். எவ்ளோ தண்ணின்றத கிட்னி நிலைமைய பாத்து அவரோட டாக்டர் சொல்லட்டும்.

மூணாவது ரொம்ப அபூர்வம், நோயே ப்ராஸ்டேட்லயோ (மூத்திரப்பைக்கு கீழ ஆம்பளைங்களுக்கு இருக்குற சுரப்பி) கிட்னிலேர்ந்து வர்ற யூரிட்டர் குழாய்லயோ எறங்குறது. முக்கிப் போறாருன்னு எழுதினீங்க பாருங்க, அதனாலதான் ப்ராஸ்டேட் பக்கமும் சந்தேகம் வருது. யூரிட்டர் சுருங்குனா வலியே இல்லாம கிட்னி வீங்கி, ரத்தத்துல கிட்னி சேதத்த காட்டுற கிரியாட்டினின் ஏறலாம், அப்ப குழாய் அடைக்காம இருக்க ஸ்டென்ட்னு சின்ன ட்யூப் வைக்கவும் வேண்டி வரும்.

மாத்திரையால வந்த புண்ணுன்னா அத நிறுத்திட்டு ரிடக்ஸிமாப் மாதிரி வேற மருந்துக்கு மாறணும், நோயாலன்னா சிகிச்சைய இன்னும் பலமாக்கணும், ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர், இத எப்படிம்மா ஊகத்துல முடிவு பண்றது? அதனால நாளைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போங்க, யூராலஜி நெஃப்ராலஜி ரெண்டும் அங்க இருக்கு. யூரின மைக்ராஸ்கோப்ல பாக்கணும், கிரியாட்டினின், வயித்து ஸ்கேன், தேவைப்பட்டா பைக்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்க. அடுத்த டோஸ் சைக்ளோபாஸ்பமைடு போடலாமான்னு கேட்டுட்டு போடுங்க, ஆனா ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திடாதீங்க. ரத்தக்கட்டி அடைச்சு யூரின் நின்னுட்டா நடுராத்திரினாலும் கேஷுவாலிட்டிக்கு ஓடுங்க. இன்னொண்ணு, இந்த மாத்திரைய நிறுத்தி பல வருஷம் கழிச்சும் மூத்திரப்பை கேன்சர் வர வாய்ப்பிருக்கு, அதனால பழைய சீட்டயெல்லாம் பத்திரமா வெச்சு எந்த டாக்டர்கிட்ட போனாலும் காட்டுங்க.

கேள்வி: என் 7 வயசு பையனுக்கு கால்ல செவப்பு புள்ளி, வயித்துவலி, அப்புறம் விதைப்பை வீங்கிச்சு. ஸ்கேன்ல விதை திருகல் இல்ல, ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ்னு சின்ன ரத்தக்குழாய் வீங்குற நோய்னு சொன்னாங்க. இப்ப சரியாயிடுச்சு, விட்டுடலாமா?
ஒரு அம்மா, வியாசர்பாடி

பதில்: ஒடனே ஸ்கேன் பண்ணது ரொம்ப நல்லதும்மா, திருகல்னா 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணாதான் விதைய காப்பாத்த நல்ல வாய்ப்பு. ஆனா விட்டுடாதீங்க. புள்ளியெல்லாம் மறைஞ்ச பிறகும் இந்த நோய் கிட்னிய தாக்கலாம், 6 மாசம் வரைக்கும் டாக்டர் சொல்ற தேதிக்கு யூரின் டெஸ்டும் பிபியும் பாத்துடுங்க.