க்ஷிஷ்டோஃப் கொமெடாவை உருவாக்கியது திரைப்படமா, ஜாஸ் மேடையா?

போலந்தின் கொமெடா மருத்துவராக இருந்தவர், திரைப்பட இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியின் படங்களே அவரை இசையமைப்பாளராக ஆக்கின என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருபவன் என்ற முறையில், சரியில்லை என்றே சொல்வேன். படங்கள் வருவதற்கு முன்பே அவருடைய இசை வடிவம் பெற்றுவிட்டது.

1931இல் போஸ்னானில் பிறந்த அவரது இயற்பெயர் க்ஷிஷ்டோஃப் ட்ஷ்சின்ஸ்கி. சிறு வயதில் போலியோ தாக்கியதால் ஒரு காலைச் சற்றே விந்தி நடப்பார். பியானோ கற்கத் தொடங்கியிருந்த சிறுவனின் இசைக் கல்வியைப் போர் குலைத்தது. பின்னர் போஸ்னானில் மருத்துவம் படித்துக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றினார். ஆனால் பள்ளி நாட்களில் பழக்கமான பாஸ் கலைஞர் விட்டோல்ட் குயாவ்ஸ்கி அவரைக் கிராக்கோவுக்கு அழைத்துச் சென்றிருந்தார். ஸ்டாலின் காலத்தில் ஜாஸ் மேற்கத்திய ஏகாதிபத்தியத்தின் இசையாகப் பார்க்கப்பட்டதால், கலைஞர்கள் குயாவ்ஸ்கியின் சிறிய குடியிருப்பு போன்ற இடங்களில் கூடி வாசித்தார்கள். அந்தக் காலத்தைப் போலந்து ஜாஸ் கலைஞர்கள் நிலவறைக் காலம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

திருப்புமுனை 1956 ஆகஸ்டில், கடற்கரை நகரமான சோபோட்டில் நடந்த ஜாஸ் விழா. மருத்துவமனையில் உடன் பணிபுரிந்தவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அவர் கொமெடா என்ற பெயரில் அங்கே மேடையேறினார். ஒரு மருத்துவர் தம் பெயரை மறைத்துக்கொண்டு பியானோ வாசிக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. டிக்ஸிலேண்ட் எனப்படும் பழைய ஜாஸ் பாணி பரவலாக விரும்பப்பட்ட அந்நாளில், பாரிட்டோன் சாக்ஸஃபோனில் யான் வ்ருப்லெஃப்ஸ்கியும் உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனில் யெஷி மிலியனும் இருந்த அவரது அறுவர் குழு நவீன ஜாஸை மட்டுமே வாசித்தது. அமெரிக்க ஜாஸ் குழுக்களான மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டும் ஜெரி மல்லிகனின் குழுவும் அவர்களுக்கு முன்மாதிரிகள். ஆகவே ஆரவாரத்தைவிட, ஒரு கருவி பேசும்போது மற்றொன்று விலகி இடம் விடும் அடக்கமே அந்த இசையில் மேலோங்கி நிற்கிறது.

வூட்ஜ் திரைப்படப் பள்ளி மாணவராக இருந்த போலன்ஸ்கி 1958இல் எடுத்த, அநேகமாக வசனமே இல்லாத 'இரு மனிதர்களும் ஒரு அலமாரியும்' என்ற குறும்படத்துக்குக் கொமெடா இசையமைத்தது இதற்குப் பின்புதான். அந்தப் படத்தில் இசை எங்கே ஒதுங்குகிறது என்று கவனித்துக் கேளுங்கள். அதன் பிறகு அறுவர் குழுவின் பதிவுகளைக் கேட்டால், அதே காது அங்கே ஏற்கெனவே வேலை செய்திருப்பது புரியும்.