கேனன் ஆர்5 கேமராவில் 8கே (மிக உயர்ந்த தெளிவுள்ள) வீடியோ எடுக்கும்போது பாதியில் சூடாகி நின்றுவிடுகிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. 2020-இல் இந்த கேமரா வந்தபோதே, 23 டிகிரி செல்சியஸில் 8கே தொடர்ந்து ஏறக்குறைய 20 நிமிடம்தான் ஓடும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. வெயிலில் இன்னும் குறையும். சென்சார், பிராசஸர், மெமரி கார்டு மூன்றும் சூடாகின்றன. உள்ளே விசிறி கிடையாது. தூசியும் ஈரமும் புகாதபடி மூடிய கேமரா உடல் வழியாகத்தான் சூடு மெல்ல வெளியேற வேண்டும்.

முதலில், எல்லாக் காட்சிக்கும் 8கே தேவையா என்று யோசியுங்கள். சாதாரண 4கே-யில் இந்தத் தொல்லை இல்லை, கூர்மை மட்டும் சற்றுக் குறையும். 4கே எச்க்யூ (உயர்தர 4கே) வேண்டாம். அது 8கே-யிலிருந்து சுருக்கப்படுவது, அதுவும் சுடும்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: பதிவு செய்யாமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலும் சூடு ஏறும். ஷாட்டுக்கு ஷாட் அணைத்துவிடுங்கள். வெயிலில் குடை பிடியுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள் (செய்தவர்கள் இருக்கிறார்கள்!), உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

ஃபர்ம்வேரையும் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பியுங்கள். 2022-இல் வந்த 1.6.0 பதிப்பில், தானாக அணையும் வெப்ப அளவை உயர்த்தும் வசதி சேர்ந்தது. ஆனால் உடல் நன்றாகச் சுடும் என்பதால் டிரைபாடில் வைத்து எடுங்கள். மணிக்கணக்கில் 8கே-தான் வேண்டுமென்றால், விசிறி வைத்த ஆர்5 சி-யை வாடகைக்கு எடுப்பது மேல்.