ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு 30,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்காடு கொழிஞ்சாம்பாறை பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு, பட்டியில் 12 ஆடு. சாளைக் (தோட்ட வீட்டுக்) காவலுக்கு அசல் ராஜபாளையம் நாய் வளர்க்க ஆசை. 45 நாள் குட்டிக்கு 30,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? வளர்க்க என்ன செலவாகும்?

பதில்: விலை பேசுவதற்கு முன்னால் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இந்த இனத்துக்கு அழகு. ஆனால் அந்த வெள்ளையோடு செவிடும் சேர்ந்து வருவதுண்டு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். ராக்காவலுக்கு அந்த நாய் என்னத்துக்கு ஆகும்?

குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது இது தெரியாது. மற்றவை திரும்பினால் செவிட்டுக் குட்டியும் கூடவே திரும்பும். அதனால் தனியாக விடுங்கள். அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்ட வேண்டாம், அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும். தூங்கும்போதும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடலாம். அதைக் கண்டுபிடிக்க, சத்தம் கேட்கும்போது மூளையில் எழும் மின் அலைகளைப் பதியும் 'பேயர்' (BAER) சோதனைதான் வழி. அந்தச் சான்று வைத்திருப்பவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கினாலும் தகும்.

தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று காட்டினால், அதிலுள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண் குட்டியோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் வெறும் நிறத்துக்கு 30,000 கொடுக்காதீர்கள். 45 நாளில் தாயைப் பிரிக்கவும் வேண்டாம். 8 வாரம் ஆகட்டும்.

இனி செலவு. வளர்ந்த நாய் 25 கிலோ என்றால் உலர்தீவனம் நாளைக்கு 350 கிராம் வேண்டும். கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 25,500 ரூபாய் ஆகிறது. 10 ஆண்டு வளர்த்தால் இரண்டரை லட்சம். வாங்கும் விலை அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ராகிக்களி, முட்டை, வேகவைத்த கோழி என்று வீட்டுச் சாப்பாடு போட்டால் செலவு குறையும். மோர்ச்சோறு மட்டும் ஊற்றி வளர்த்தால் குட்டிக்குக் கால் வளைந்துவிடும்.

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 16 வாரம் வரை 3, 4 வார இடைவெளியில் போட வேண்டும். 3 மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. அந்தச் சான்றோடு பஞ்சாயத்து உரிமம். உண்ணி மருந்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சாளைச் சுவர் இடுக்கில் பெருகும் உண்ணிதான் ரத்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிறது. அது வந்தால் வைத்தியச் செலவு எங்கோ போய்விடும்.

காட்டுப்பன்றியை வேட்டையாட நாயை ஏவுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பன்றியின் கோரைப்பல் பட்டால் நாய் வயிறும் கிழியும்.

காவல் மட்டும் போதுமென்றால் ஊர் நாட்டுக்குட்டியே நன்றாகக் காக்கும். ராஜபாளையத்தின் மேல் பிரியம் என்றால், வேலி போட்ட தோப்பில் ஓட விடுவதாக இருந்தால் வாங்குங்கள். குட்டி போடவைத்துப் போட்ட பணத்தை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓர் ஈற்றில் எத்தனை குட்டி செவிடாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவற்றைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவதும் உங்கள் பொறுப்புதான்.