கேள்வி – பதில்: தோட்டத்துக்கு ஓர் இசைத்தொகுப்பு

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தின் கதையை, ஆர்கெஸ்ட்ரா இசையோடு கூடிய ஒரே கருப்பொருள் பாப் தொகுப்பாக வெளியிட விரும்புகிறேன். நிறுவன ஆதரவில்லாத தனிக் கலைஞருக்கு இது இயலுமா? – வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தாராளமாக இயலும். அமெரிக்கரான சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2005இல் வெளியிட்ட 'இல்லினாய்' தொகுப்பைக் கேளுங்கள். ஒரு மாநிலத்தின் ஊர்களையும் மனிதர்களையும் 22 தடங்களில் பாடிய அவர், பியானோ, பாஞ்சோ, ஓபோ எனப் பல கருவிகளைத் தாமே வாசித்து, தந்திக் கருவிகள், ட்ரம்பெட், டிரம்ஸ், குழுப்பாடல் ஆகியவற்றுக்கு மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

நான்கு தந்திக் கலைஞர்கள் (இரண்டு வயலின், ஒரு வியோலா, தாழ்ந்த ஒலி தரும் ஒரு செல்லோ) கிடைத்தால் போதும். ஒரே பகுதியை மும்முறை வாசிக்கச் செய்து, அந்தப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒலிவாங்கியின் தூரத்தை மாற்றி, வயலின் கலைஞர் இருவரையும் பகுதி மாற்றி வாசிக்கச் சொன்னால், பெரிய குழுவின் கனம் வந்துவிடும்.

கருப்பொருளைப் பாடல் வரிகள் மட்டுமே சுமக்கும் தொகுப்பு, என் பார்வையில், பாதி வேலைதான். தொழிலாளர்களை வேலைக்கு அணிதிரட்டும் விடியற்காலைப் பிரட்டு மணிக்கு நான்கு சுரங்களில் ஒரு மெட்டுத் துணுக்கை அமைத்து, பால்மரங்களை (ரப்பர் மரங்களை) அழித்துச் செம்பனை நடும் பாடலில் அதையே செல்லோவில் பாதி வேகத்தில் ஒலிக்கவிடுங்கள். உறுமி சேரும் இடங்களில் மட்டும் செல்லோவை மேல்சுரங்களுக்கு ஏற்றிவிடுங்கள். இல்லையேல் இரண்டின் தாழ்ந்த ஒலியும் கலந்து குழம்பிவிடும்.